'செட்' என்ற ஒரு சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது?

#1 மேசைவிளக்கு
எல்லோருக்கும் வணக்கம். நான் வீட்டிலிருந்தே செயலிகளை மொழிபெயர்க்கும் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு உடற்பயிற்சிச் செயலியின் சொற்கள் எக்செல் தாளில் வந்தன. வரிக்கு ஒரு சொல். எந்தத் திரையில் வரும் என்ற குறிப்பு எதுவும் கிடையாது. அதில் ஒரு கட்டத்தில் ஆங்கிலத்தில் 'செட்' (set) என்று மட்டும் இருந்தது. பொத்தானாகத்தான் இருக்கும் என்று 'அமை' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அந்த ஒரே வரியை அவர்கள் நான்கு இடத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அலாரம் வைக்கும் திரையில் 'அமை' சரியாக நின்றது. தண்டால் கணக்கில் '3 அமை' என்று வந்தது. டம்பெல் விற்கும் பக்கத்தில் '5 கிலோ அமை'. டென்னிஸ் மதிப்பெண்ணில் 'அமை 1, அமை 2'. வாடிக்கையாளர் நான்கு திரையையும் படம் பிடித்து அனுப்பி, "இது தமிழா?" என்று கேட்டிருந்தார். மனசு மிகவும் கஷ்டப்பட்டது. பத்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன்.

இப்போது திருத்தித் தர வேண்டும். ஒரே சொல் எல்லாவற்றுக்கும் கிடைக்குமா? இல்லை, 'செட்' என்றே விட்டுவிடலாமா? அப்புறம் இன்னொன்று. ஒரு சின்னச் சொல் இத்தனையைச் சுமப்பது எப்படி என்று யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

#2 நேர்வழி
'செட்' என்றே எழுதுங்கள். ஜிம்மில் எவரும் வேறு சொல் சொல்வதில்லை. டிவி செட், பம்ப் செட், சினிமா செட், செட் தோசை என்று ஊரே பேசுகிறது. வந்த சொல் நம் சொல்தான்.

#3 பழைய அகராதி
முப்பத்திரண்டு வருஷம் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அம்மா, நீங்கள் தடுக்கி விழுந்தது சாதாரணக் கல் அல்ல. 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவே இந்தச் சொல்லுக்குத்தான். 430 பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம். ஒரு நடுத்தர நாவல் அளவு.

ஆனால் பொருள் எத்தனை என்பதைவிட, எப்படி வந்தது என்பதுதான் உங்களுக்கு உதவும். பழைய ஆங்கிலத்தில் 'சிட்டன்' என்றால் உட்கார். 'செட்டன்' என்றால் உட்கார வை. நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று சொல்வோமே, அதேதான். கிட என்பதற்குக் கிடத்து மாதிரி அங்கே 'லை', 'லே'. விழு என்பதற்கு வீழ்த்து மாதிரி 'ஃபால்', 'ஃபெல்'. அமர் என்பதற்கு அமர்த்து மாதிரி 'சிட்', 'செட்'.

இந்த ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். மேசையில் தட்டை வைப்பது, கடிகாரத்தைச் சரியான நேரத்தில் நிறுத்துவது, மோதிரத்தில் கல் பதிப்பது, ஒடிந்த எலும்பை இடத்தில் பொருத்துவது, தேதி குறிப்பது, தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது. எல்லாமே ஒன்றை அதன் இடத்தில் அமர்த்துவதுதான். வேட்டை நாயில் 'செட்டர்' என்று ஓர் இனம் உண்டு. பறவையின் மோப்பம் பிடித்ததும் பதுங்கி அமர்ந்து இடத்தைக் காட்டும். அந்தப் பெயரில் 'உட்கார்' இன்னும் உயிரோடு இருக்கிறது.

சூரியன் மறைவதும் இதே சொல். வானத்தில் நடந்தவன் உட்கார்ந்துவிட்டான். நம் பழைய பாடல்களில் ஞாயிறு 'பட்டது' என்று வரும். அவர்கள் உட்கார வைத்தார்கள், நாம் படுக்க வைத்தோம்.

#4 கலவைச்சட்டி
நான் கட்டட வேலையில் சைட் இன்ஜினியர். ஐயா சொன்னதில் சிமெண்ட் எங்கே வரும்? எங்களுக்கு 'செட்' என்றால் முதலில் அதுதான்.

தண்ணீர் ஊற்றிக் குழைத்த சாதாரண சிமெண்ட், இந்தியத் தர நிர்ணயப்படி, 30 நிமிடத்துக்கு முன்னால் இறுக ஆரம்பிக்கக் கூடாது. 600 நிமிடத்துக்குள், அதாவது 10 மணி நேரத்துக்குள், முழுசாக இறுகிவிட வேண்டும். இதைச் சோதிக்க விகாட் கருவி என்று ஒன்று இருக்கிறது. சின்ன வளையத்தில் சிமெண்ட் பசையை நிரப்பி, மேலிருந்து மெல்லிய ஊசியை இறக்குவோம். முதலில் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல அடிவரை போகும். சில நிமிடத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றி இறக்கிக்கொண்டே இருப்போம். ஒரு கட்டத்தில் அடியிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் உயரத்தில் ஊசி நின்றுவிடும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்வோம். அதுதான் 'இனிஷியல் செட்டிங்'. ஆலையில் சிமெண்ட் அரைக்கும்போது ஜிப்சம் சேர்ப்பதே இது சீக்கிரம் நடந்துவிடாமல் இருக்கத்தான்.

இதில் மொழிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. செட் ஆவது வேறு, வலுவாவது வேறு. செட் ஆன கான்கிரீட்டில் நகத்தால் கோடு போடலாம். முழு வலுவுக்குக் கணக்கு 28 நாள். பல தமிழ்க் கையேடுகளில் இரண்டுக்கும் 'கெட்டிப்படுதல்' என்றே போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு மறுநாளே கான்கிரீட்டைத் தாங்கும் பலகையைப் பிரித்தால் ஆபத்து. எனக்கு இதில் உண்மையிலேயே கவலை உண்டு.

#5 பழைய அகராதி
நல்ல கேள்வி தம்பி. குழம்பாக ஓடிக்கொண்டிருந்தது ஓர் இடத்தில் அமர்ந்துவிட்டது, இனி நகராது. ஜெல்லி, தயிர், சிமெண்ட் எல்லாம் அப்படித்தான். ஆங்கிலத்துக்கு அங்கே ஒரு சொல் போதும். தமிழில் பொருளைப் பார்த்துத்தான் வினை வரும். தயிர் உறையும், பாகு இறுகும், நெய் உறையும், மனசுகூட இறுகும். ஆனால் தயிர் இறுகாது.

#6 கரும்பலகை
நான் கணக்கு வாத்தியார். 'அமர்த்து' என்ற சாவி எங்கள் பூட்டைத் திறக்கவில்லையே ஐயா? ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் நடத்தும் 'செட்' என்பது பொருள்களின் தொகுப்பு. அதற்குத் தமிழில் கணம் என்று அழகான சொல் நிலைத்துவிட்டது. உட்கணம், வெற்றுக் கணம், சேர்ப்பு, வெட்டு என்று ஒரு குடும்பமே இருக்கிறது. கேன்டர் 1874இல் இந்தத் துறையைத் தொடங்கி வைத்தபோது ஜெர்மனில்தான் எழுதினார். பின்னால் அவர் வைத்துக்கொண்ட சொல் 'மெங்கே'. கூட்டம், திரள் என்று பொருள். அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஒரு காலத்தில் 'அக்ரிகேட்' என்றுகூட எழுதினார்கள். கூட்டம் எப்படி உட்கார்ந்தது?

#7 பழைய அகராதி
உட்காரவில்லை. அது வேறு சொல்.

லத்தீனில் 'செக்டா' என்றால் ஒருவரைப் பின்பற்றிப் போகும் கூட்டம். சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' அதிலிருந்து நேராக வந்தது. அதே 'செக்டா' பழைய பிரெஞ்சில் 'செட்' என்று தேய்ந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. உள்ளே ஏற்கெனவே ஜெர்மானியக் குடும்பத்து 'செட்' இருந்தது. உருவம் ஒன்றாகிவிட்டதால் இரண்டும் கலந்து, ஒன்றின் பொருள் மற்றதில் படிந்துவிட்டது. நம் பேச்சில் இருக்கும் 'எங்க செட் பசங்க', பாத்திர செட், நகை செட் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கூட்டத்து வழி. 'பின்தொடர்' என்ற அதே லத்தீன் வேரில் பிறந்த பங்காளிகள் இன்னும் இருவர்: கோட்டும் கால்சட்டையும் சேர்ந்த 'சூட்', ஹோட்டலில் அறைகள் சேர்ந்த 'ஸ்வீட்'. இரண்டிலும் சேர்த்தி என்ற பொருள் இருப்பதைப் பாருங்கள்.

ஆகவே மேசைவிளக்கு அம்மாவின் பொத்தான் ஒரு சொல். தண்டால் கணக்கும் டம்பெல்லும் இன்னொரு சொல்லின் பக்கம். ஒரே தமிழ்ச் சொல் தேடினால் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். உங்கள் தமிழில் குறை இல்லை.

#8 கரும்பலகை
ஐயா, இதைப் படித்ததும் எழுந்தே நின்றுவிட்டேன். ஏனென்றால் 'கணம்' என்ற சொல்லுக்கும் இதேதான் நடந்திருக்கிறது. பூத கணம், கணநாதன் என்பதில் வரும் கணம் கூட்டம். 'ஒரு கணம் நில்' என்பதில் வரும் கணம் நொடிப்பொழுது. வடமொழியில் அவை 'கண', 'க்ஷண' என்று இரண்டு வேறு சொற்கள். தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிட்டன. இரண்டு 'செட்'டும் கலந்த கதையை இனி வகுப்பில் இதை வைத்தே சொல்வேன்.

#9 பனங்கூடல்
வணக்கம் ஐயா, வணக்கம் சேர். நான் யாழ்ப்பாணம். எங்கட கணிதப் புத்தகங்களில் இது கணம் இல்லை, 'தொடை'. உட்கணத்தை நாங்கள் 'தொடைப்பிரிவு' என்போம், வெற்றுக் கணத்தைச் 'சூனியத் தொடை' என்போம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கேட்டால் காலை நினைத்துச் சிரிப்பார்கள் என்று தெரியும். ஆனால் இது தொடுத்தல் என்ற வினையில் பிறந்த சொல். பூ தொடுக்கிறோம், யாப்பில் எதுகைத் தொடை, மோனைத் தொடை என்கிறோம். தனித்தனியாகக் கிடந்ததைச் சேர்த்துக் கட்டினால் தொடை. எனக்கு இந்தச் சொல் மேல் நிறையப் பிரியம். ஏ/எல் (உயர்தர வகுப்பு) படித்து முடித்து இருபது வருசமாகியும் 'செட்' என்று யாராவது சொன்னால் மனசுக்குள் தொடை என்றுதான் கேட்கும்.

#10 ஈய எழுத்து
தொடுத்தல் என்றதும் என் கை அரித்தது. கணினி வருவதற்கு முன்னால் எங்கள் ஊர் அச்சகத்தில் பதினொரு வருஷம் கம்பாசிட்டராக இருந்தேன். 'டைப் செட்டிங்'குக்கு எங்கள் சொல் அச்சுக் கோத்தல். 'அமை'யும் கிடையாது, 'செட்'டும் கிடையாது.

இடது கையில் ஸ்டிக், அதாவது எழுத்து அடுக்கும் சின்னத் தட்டு இருக்கும். வலது கை கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் கட்டம் கட்டமாகக் கிடக்கும் ஈய எழுத்துகளைப் பொறுக்கும். 'கோ' என்று வர வேண்டும் என்றால் ஒற்றைக் கொம்பு இல்லை, இரட்டைக் கொம்பு, பிறகு 'க', பிறகு கால் என்று மூன்று துண்டு. எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருக்கும். ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்கி, இடமிருந்து வலமாகப் படிப்போம். ஒரு வரி நிரம்பினால் அடுத்த வரிக்கு நடுவில் ஒரு லெட், அதாவது ஈயத் தகடு. பக்கம் முடிந்ததும் சுற்றி நூலைக் கட்டி இறுக்குவோம். நூல் தளர்ந்தால் ஒரு கல்யாணப் பத்திரிகையே தரையில் கொட்டிவிடும். அச்சான பிறகு ஒவ்வொரு எழுத்தையும் அதன் கட்டத்தில் பிரித்துப் போட வேண்டும். அந்த வேலையைத்தான் முதலில் கற்றுக்கொடுப்பார்கள்.

மணி கோப்பது போல, பூக் கோப்பது போல, எழுத்துக் கோப்பது. இந்தச் சொல்லை யாரோ பண்டிதர் உட்கார்ந்து உருவாக்கியதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வேலையைச் செய்த கைக்குத்தான் வந்திருக்கும். மேசைவிளக்கு அம்மா, தண்டால் எடுக்கிறவனின் கையைப் பாருங்கள். சொல் அங்கே இருக்கும்.

#11 நேர்வழி
தண்டால் எடுக்கிறவன் 'மூணு செட்' என்கிறானே. அதைத்தான் நானும் சொன்னேன்.

#12 தயிர்ச்சட்டி
எனக்கு வேறு ஒரு சொல் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் இட்லியை எண்ணிக்கையில் சொல்ல மாட்டோம். 'ரெண்டு ஈடு ஊத்திட்டேன், இன்னும் ஒரு ஈடு இருக்கு' என்போம். ஒரு தடவை தட்டு நிறைய ஊற்றி, வேகவைத்து இறக்கினால் அது ஓர் ஈடு. நடுவில் மூச்சு விட்டுக்கொண்டு அடுத்த ஈடு. 12 தண்டால் எடுத்து, நின்று, தண்ணீர் குடித்து, மறுபடி 12. இதுவும் ஈடு மாதிரிதானே? முறுக்கு பிழியும்போதும் 'அடுத்த ஈடு' என்றுதான் சொல்கிறோம்.

செட் தோசை பற்றி: தட்டில் இரண்டோ மூன்றோ சேர்த்து ஒரு செட்டாக வைப்பதால் அந்தப் பெயர். அது ஐயா சொன்ன கூட்டத்து செட்.

#13 பழைய அகராதி
தயிர்ச்சட்டி அம்மா, நீங்கள் பெரிய விஷயத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

இடு என்ற வினையின் முதல் எழுத்து நீண்டால் ஈடு. கெடு, கேடு. சுடு, சூடு. படு, பாடு. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்திருப்போம். இடு என்றால் வை, போடு. ஆகவே ஈடு என்பது ஒரு தடவை இட்டது. ஆங்கிலத்தில் இரண்டு வேறு சொற்கள் மோதி ஒன்றானதால் கிடைத்த 'வை'யும் 'தொகுதி'யும், தமிழில் ஒரே வேரிலிருந்து இயல்பாகவே கிளைத்திருக்கின்றன.

#14 கரும்பலகை
சொல் அருமை. ஆனால் செயலியில் '3 ஈடு' என்று பார்க்கும் பையனுக்கு நஷ்ட ஈடு, அடமானத்துக்கு வைக்கும் ஈடு, 'ஈடு இணை' இதெல்லாம்தான் ஞாபகம் வரும். இட்லிக்கு ஈடு என்று சொல்லும் வழக்கம் எல்லா வீட்டிலும் இப்போது இல்லை. வகுப்பில் இன்று கேட்டுப் பார்த்தேன். 41 பேரில் 9 பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த ஒன்பதில் ஏழு பேர் பாட்டியிடம் கேட்டது என்றார்கள்.

#15 பம்புசெட்
விவசாயி பக்கமும் கொஞ்சம் வாருங்கள். கரும்பு நடும் துண்டுக்கும் ஆங்கிலத்தில் 'செட்' என்றுதான் வேளாண் அதிகாரிகள் சொல்வார்கள். எழுத்தில் 'டி' இரண்டு போடுவார்கள். நமக்கு அது கரணை. ஒரு பருக் கரணை, இரு பருக் கரணை. கோழியை முட்டை மேல் உட்கார வைப்பதும் அவர்களுக்கு 'செட்'. நமக்கு அடை வைப்பது. பூ உதிர்ந்து பிஞ்சு நிற்பது 'ஃப்ரூட் செட்'. நமக்குக் காய் பிடிப்பு. 'இந்த வருஷம் மாமரத்துல காய் பிடிக்கல' என்போம்.

ஒரு மேடையில் மொழிபெயர்த்தவர் 'பழ அமைப்பு' என்று சொன்னார். முன்வரிசையில் இருந்த எங்கள் எவருக்கும் புரியவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

அப்புறம், நம் மொழியிலேயே 'செட்டு' என்று ஒரு சொல் இருக்கிறது. 'செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்' என்றால் சிக்கனமாக. அதை இந்த ஆங்கிலச் சொல்லோடு சேர்த்துக் குழப்பிவிடக் கூடாது.

#16 நேர்வழி
பம்புசெட் அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். கரணை, அடை, காய் பிடிப்பு எல்லாம் இருக்கும்போது அங்கே போய் 'செட்' என்று எழுதுவது தப்புதான். தொழிலுக்குள் சொல் இருந்தால் அதை எழுத வேண்டும். ஜிம்மில் மட்டும் 'செட்' என்பதில் உறுதியாக இருக்கிறேன். அந்த இடத்தில் தொழில்காரர்கள் சொல்வதே அதுதான்.

'எனக்கும் அவனுக்கும் செட் ஆகாது' என்று பசங்க சொல்வதை ஆங்கிலேயரிடம் சொன்னால் புரியாது என்று என் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நாமே ஒரு பொருள் சேர்த்திருக்கிறோம்!

#17 கலவைச்சட்டி
ஐயா, இப்போதும் அகராதியில் 'செட்'தான் முதலிடமா?

#18 பழைய அகராதி
இல்லை தம்பி. 2000இலிருந்து அந்த அகராதியை இணையத்தில் திருத்தி வருகிறார்கள். M எழுத்திலிருந்து தொடங்கியதால் 'மேக்' முந்தியது, பிறகு 'புட்', பிறகு 'ரன்'. 'ரன்' என்ற வினைக்கு மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். ரயில் ஓடுகிறது, மெஷின் ஓடுகிறது, நிரல் ஓடுகிறது, கடை ஓடுகிறது. இயந்திரங்கள் பெருகப் பெருக அந்தச் சொல்லும் பெருத்தது. தமிழிலும் 'ஓடு' அதே வழியில் போயிருக்கிறது. படம் நூறு நாள் ஓடுகிறதே.

நம்மிடம் இதற்குச் சமமான சுமைதாங்கி என்றால் 'போடு' என்பேன். கோலம், சட்டை, சண்டை, கையெழுத்து, ஓட்டு, கணக்கு, சத்தம், குட்டி, வேஷம், தூக்கம். ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர் ஒவ்வொன்றுக்கும் வேறு வினை தேட வேண்டும். அவரும் எங்கோ ஓர் இழையில் நம்மைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

#19 மேசைவிளக்கு
எல்லோருக்கும் நன்றி. நேற்று நிறுவனத்தோடு பேசினேன். பழைய அகராதி ஐயா சொன்ன இரண்டு சொல் கதையை அப்படியே அவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தேன். ஒரே வரியை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எந்தத் திரை என்று குறிப்பும் தந்துவிட்டார்கள். இனிமேல் எல்லா மொழிக்கும் அப்படியே தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஹிந்தி, தெலுங்கு மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது. அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அலாரத்துக்கு 'வை'. 'அமை' தப்பில்லை. ஆனால் அலாரம் வைக்கிறோம் என்றுதானே சொல்கிறோம்? டம்பெல்லுக்கு 'ஜோடி', ஏனென்றால் பெட்டியில் இருப்பது இரண்டுதான். டென்னிஸுக்கு 'செட்' என்றே விட்டேன், அது ஆட்டத்தின் பெயர். தண்டாலுக்கு மட்டும் இரண்டு நாள் யோசித்தேன். 'ஈடு' மேல் மனசு போய்விட்டது. அம்மாவிடம் திரையைக் காட்டினேன், உடனே புரிந்தது. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் காட்டினேன், புரியவில்லை. செயலியைப் பயன்படுத்தப் போவது அந்தத் தம்பி. 'செட்' என்று அனுப்பினேன். 'ஈடு' என் குறிப்பேட்டில் இருக்கிறது. சமையல் செயலி எப்போதாவது வரும்.

#20 கலவைச்சட்டி
இந்த இழையைப் படித்துவிட்டு இன்று காலை சைட்டில் எங்கள் கொத்தனாரிடம் கேட்டேன். நாற்பது வருஷமாக வேலை செய்கிறார். "அண்ணே, கலவை செட் ஆயிடுச்சுன்னு நாங்க சொல்றோமே, அதுக்கு முன்னாடி என்ன சொல்வீங்க?" கரண்டியைக் கழுவிக்கொண்டே, "பிடிச்சிருச்சும்போம்" என்றார். நேற்று பம்புசெட் அண்ணன் எழுதிய காய் பிடிப்பு உடனே ஞாபகம் வந்தது. பிஞ்சுக்கும் சிமெண்டுக்கும் ஆங்கிலக்காரர்களும் ஒரே சொல் வைத்திருக்கிறார்கள், நாமும் ஒரே சொல் வைத்திருக்கிறோம். எங்கள் கையேட்டில் முதல் கட்டத்துக்குப் 'பிடித்தல்', 28 நாளுக்குக் 'கெட்டிப்படுதல்' என்று மாற்றச் சொல்லி இப்போதுதான் மேலே எழுதிக் கொடுத்தேன்.